புதுச்சேரிப் பழங்கட்டடங்கள்: காலைப் படங்கள் வெளிறுகின்றன, சுவர்கள் சாய்கின்றன – உதவி வேண்டும்

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரியிலும் எஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களையும், அவற்றை ஒட்டிய கடற்கரை, ஆற்றுமுகக் காட்சிகளையும் விடுமுறை நாட்களில் படமெடுத்து வருகிறேன். 2014 நவம்பர் மழையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்த மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் சரிந்து விழுந்ததை நினைக்கும்போதெல்லாம், இன்று நிற்கும் கட்டடம் அடுத்த மழைக்குப் பிறகும் நிற்குமா என்ற கவலை எழுகிறது. ஆகவே என் படங்கள் பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது, கட்டடம் உள்ளபடியே பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் மூன்று சிக்கல்கள் தொடர்ந்து வருகின்றன.

முதலாவது, காலைப் படங்கள் வெளிறிப்போவது. முதல் நாள் இரவே புதுச்சேரிக்கு வந்து விடுதியில் தங்கி, விடிவதற்கு முன் கடற்கரைச் சாலைக்குப் போகிறேன். பழைய கலங்கரை விளக்கத்தின் அருகே எடுக்கும் முதல் படங்கள் முழுவதும் மங்கலாக, கறுப்பு என்பதே இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. நேரம் ஆக ஆக மங்கல் குறைகிறது. ஆனாலும் சூரியன் இருக்கும் திசையில் எடுக்கும் படங்களில் ஒரு வெண்படலம் நீங்காமல் நிற்கிறது. அதே நாள் பிற்பகலில் தெருக்களுக்குள் எடுக்கும் படங்கள் தெளிவாக உள்ளன. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, லென்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

இரண்டாவது, டூமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி போன்ற குறுகலான தெருக்களில் எடுக்கும் மாடிக் கட்டடங்கள் எல்லாம் பின்னால் சாய்வதுபோல் தெரிகின்றன. மூன்றாவது, மஞ்சள் வண்ணம் பூசிய சுவர்கள் நேரில் கண்ட நிறத்தில் வராமல் வெளிறிய எலுமிச்சை நிறமாகிவிடுகின்றன. என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமராவும், அதனுடன் வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸும், லென்ஸின் முன்னால் பொருத்திய யூவி ஃபில்டரும்தான். புதிய லென்ஸ் வாங்குவதற்கு முன் இந்தக் குறைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிய விரும்புகிறேன்.

முத்தியால்பேட்டை:

வணக்கம் சகோதரி. லென்ஸ் வாங்கும் எண்ணத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நேரம் ஆக ஆக மங்கல் குறைகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே முதல் காரணத்தைக் காட்டிவிடுகிறது. பழுதான லென்ஸ் காலையில் மங்கலாகவும் பிற்பகலில் தெளிவாகவும் இருக்காது. இது கண்ணாடியில் படியும் ஈரம்.

விடுதி அறையில் இரவு முழுவதும் ஏசி ஓடியிருந்தால், கேமராவும் லென்ஸும் 20 அல்லது 22 பாகை செல்சியஸுக்குக் குளிர்ந்திருக்கும். நம் கரையில் கோடையிலும் தென்மேற்குப் பருவக் காலத்திலும் விடியற்காலைக் காற்றின் பனிநிலை 24 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். பனிநிலையைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாகப் படியும். லென்ஸின் முன்கண்ணாடியில் படிந்ததைத் துடைத்தாலும், கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரும்வரை மீண்டும் படிந்துகொண்டே இருக்கும். துடைப்பதால் கறைதான் மிஞ்சும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் மீதும் ஈரம் படியக்கூடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

அறையை விட்டுக் கிளம்புவதற்கு முன், அறைக்குள்ளேயே கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் இட்டு மூடிவிடுங்கள். வெளியே வந்த பிறகு அரை மணி நேரமாவது பையைத் திறக்காதீர்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். உள்ளே கேமரா மெல்ல வெதுவெதுப்பாகிவிடும். அதைவிட எளிய வழி, விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்திச் சன்னலைத் திறந்துவைப்பது.

சூரியனை நோக்கி எடுக்கும்போது மட்டும் நீங்காமல் நிற்கும் வெண்படலத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அதைக் கண்டறிய, ஒரே காட்சியை ஒரே அளவுகளில் ஒரு முறை ஃபில்டருடனும் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றியும் எடுத்துப் பாருங்கள். பின்னர் இருட்டறையில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஃபில்டரையும் லென்ஸின் முகப்பையும் நோக்குங்கள். என்ன தெரிகிறது என்று எழுதினால் மேற்கொண்டு சொல்லலாம்.

பெரிய வாய்க்கால்:

கட்டட வரைபடத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இரண்டாவது சிக்கலைப் பற்றி எழுதுகிறேன். கட்டடம் சாய்வதற்கும் லென்ஸின் தரத்துக்கும் தொடர்பில்லை. சென்சாரின் தளம் சுவருக்கு இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே பதிவாகும். கட்டடத்தின் உச்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்காகக் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கிறோம். அந்தச் சாய்வினால்தான் கோடுகள் மேலே ஒன்றை ஒன்று நெருங்குகின்றன.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். உங்கள் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 18 மில்லிமீட்டரில் வைத்தால், மேலிருந்து கீழாக ஏறத்தாழ 66 பாகை தெரியும். அதாவது நடுக்கோட்டுக்கு மேலே 33 பாகை. தெருவின் குறுக்கே 8 மீட்டர் தொலைவில் கண்மட்டத்தில், 1.5 மீட்டர் உயரத்தில், கேமராவைச் சாய்க்காமல் பிடித்தால் சுவரில் 6.7 மீட்டர் உயரம் வரைதான் தெரியும். 10 மீட்டர் உயரமுள்ள மாடிவீடு முழுவதும் தெரிய வேண்டுமென்றால் 13 மீட்டர் பின்னால் போக வேண்டும். தெருவில் அதற்கு இடமில்லை. ஆனால் எதிர்வீட்டு மாடியில் அனுமதி பெற்று 5 மீட்டர் உயரத்தில் நின்றால், அதே 8 மீட்டர் தொலைவிலிருந்து 10 மீட்டருக்குச் சற்று மேல் வரை தெரியும். கீழே தரையும் தெரியும். கேமராவைச் சிறிதும் சாய்க்க வேண்டியதில்லை. ஆகவே புதுச்சேரியில் கட்டடம் எடுப்பவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு எதிர்வீட்டுக் கதவுதான். நம் ஊர் மக்கள், எதற்காக எடுக்கிறோம் என்று விளக்கினால், பெரும்பாலும் மறுப்பதில்லை.

மாடி கிடைக்காதபோது கேமராவைச் சாய்த்தே எடுத்து, பிறகு கணினியில் கோடுகளை நிமிர்த்தலாம். அப்படி நிமிர்த்தும்போது படத்தின் மேற்பகுதியில் இரு ஓரங்களும் வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே பக்கங்களில் தாராளமாக இடம் விட வேண்டும். இதில் நான் வலியுறுத்த விரும்புவது, மென்பொருள் மேற்பகுதியை இழுத்துத்தான் நிமிர்த்துகிறது என்பதைத்தான். அதனால் மேல்மாடியின் கூர்மை குறையும். கவனிக்காவிட்டால் கட்டடத்தின் உயர அகல விகிதமும் மாறிவிடும். பதிவுக்காக எடுக்கும் நீங்கள், திருத்தாத மூலக் கோப்பைக் கட்டாயம் தனியே காத்துவைக்க வேண்டும்.

மேரி கட்டடத்தை நீங்கள் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அது பழைய வடிவத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இடிந்த ஒன்றை அவ்வாறு எழுப்புகிறவர்களுக்கு முகப்பின் முழுப்படம் ஒன்று மட்டும் உதவாது. தூணின் அடிப்பீடம், சுவருச்சியின் வார்ப்பு வேலை, சன்னல் மரச்சட்டங்கள், வாயில் தூண்களின் தலைப்பகுதி, படிக்கட்டுக் கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றையும் நேர் எதிரே நின்று, அருகில் அளவுகோல் வைத்து, சாய்வில்லாமல் எடுத்த படங்கள் வேண்டும். குறுகலான தெருவில் முழுக் கட்டடம் அடங்கவில்லையே என்று வருந்தும் நேரத்தில் இந்தப் பகுதிகளை எடுத்துவிடலாம். இவற்றுக்கு 8 மீட்டர் இடம்கூட வேண்டாம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதி வீடுகளின் திண்ணைகளையும், திண்ணையின் மேல் தெருவைப் பார்த்து இறங்கும் தாழ்வாரங்களையும் இப்படி எடுத்துவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள். கடற்கரைப் பக்கத்தின் மஞ்சள் மாளிகைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

கெடிலக்கரை:

இருவருக்கும் நன்றி, ஐயா. ஜிப் பையைப் பயன்படுத்திப் பார்த்தேன். விடிகாலையின் முதல் படமே தெளிவாக வந்தது. பையின் மேல் நீர் கோத்திருந்ததைக் கண்ணால் கண்டேன். சூரியனை நோக்கிய படங்களில், ஃபில்டரைக் கழற்றியவுடன் வெண்படலம் பெருமளவு குறைந்தது. ஆனால் முழுவதும் போகவில்லை. டார்ச்சில் பார்த்தபோது ஃபில்டர் முழுவதும் மெல்லிய படலமும் சிறு வட்டப் புள்ளிகளும் தெரிந்தன. லென்ஸின் முகப்பிலும் ஓரத்தில் சில புள்ளிகள் உள்ளன. உலர்ந்த துணியால் துடைத்தால் படலம் இடம் மாறுகிறதே தவிர அகலவில்லை.

பரங்கிப்பேட்டை:

அந்தப் புள்ளிகள் உப்பு, அம்மா. அலை உடையும் இடத்தில் காற்று அள்ளிவரும் நுண்துளிகள் கண்ணாடியில் காய்ந்து உப்பைவிட்டுப் போகின்றன. கடற்கரைச் சாலையில் பாறைகளின் மேல் அலை மோதுவதால், மணற்கரையைவிட அங்கே துளி அதிகம் பறக்கும். கடலோர ஊரிலேயே தொழில் செய்பவன் என்பதால் இந்தத் தொல்லை எனக்கு அன்றாடம். உப்புப் படலத்தின் மீது நேர் ஒளி விழும்போது அது எல்லாத் திசைகளிலும் சிதறிப் படம் முழுவதும் பரவுகிறது. ஒளி பின்னாலிருந்து வரும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. தெருவுக்குள் எடுத்த பிற்பகல் படங்கள் தெளிவாக இருந்ததற்கு அதுவே காரணம்.

உலர்ந்த துணியை இனிமேல் உப்பின் மேல் வைக்க வேண்டாம். உப்புத் துகள் கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் கைப்பம்பினால் தூசியை ஊதி அகற்றுங்கள். பிறகு லென்ஸ் துடைக்கும் காகிதத்தை வாலை வடிநீரில் லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். உப்பு நீரில் கரைந்து காகிதத்துக்கு வந்துவிடும். அதன் பின்னரே லென்ஸ் துப்புரவு நீர்மத்தைத் தொட்டு நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றித் துடைக்க வேண்டும். நீர்மத்தை நேரடியாக லென்ஸின் மேல் ஊற்றினால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும் என்பதால், எப்போதும் காகிதத்தில்தான் விட வேண்டும்.

யூவி ஃபில்டர் எதற்கும் உதவாது, தூக்கி எறிந்துவிடலாம் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. இந்தக் கரையில் அது லென்ஸின் மேல் விழ வேண்டிய உப்பையும் மணலையும் தாங்குகிறது. சூரியனை நோக்கி எடுக்கும்போது மட்டும் கழற்றுங்கள். தட்டையான கூடுதல் கண்ணாடி என்பதால், அது சுத்தமாக இருந்தாலும் ஒளியைப் பிரதிபலித்துப் படத்தில் நிழலுரு உண்டாக்கும். மற்ற நேரங்களில் ஃபில்டரும் அதன் மேல் ஒளிமறைப்பு ஹூடும் இருக்கட்டும்.

லென்ஸுக்குள் பூஞ்சை வராமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அந்த நிலைதான். தோல் உறையில் வைத்து அலமாரியில் பூட்டுவது பூஞ்சைக்கு அழைப்பு விடுப்பதாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளும் சிறிய ஈரப்பதமானியும் வைத்து, 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்துங்கள். நீலக் குருணைகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். பிச்சாவரத்தில் சுரபுன்னைக் கால்வாய்களுக்குள் படகில் போய்வந்த நாளின் இரவில் இந்தப் பெட்டியை மறக்கவே கூடாது.

முத்தியால்பேட்டை:

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். மஞ்சள் என்பது கேமராவுக்குச் சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஒளி. காலை வெயிலே சிவப்பு மிகுந்தது. அது மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும்போது சென்சாரின் சிவப்பு அலைவரிசை மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு நிரம்பிவிடுகிறது. அதன் பிறகு சிவப்பு ஏற முடியாது. பச்சையும் நீலமும் மட்டும் ஏறும். அதனால்தான் ஆழ்ந்த காவி கலந்த மஞ்சள் வெளிறிய எலுமிச்சையாகிறது. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், கேமராவின் பொதுவான நிலையில் மொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டுவதால், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்துவைத்து, சிவப்புக் கோடு வலது ஓரத்தைத் தொடாதவாறு வெளிச்சத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் போதும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிழற்பகுதிகளைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம். ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். சட்டம் முழுவதும் மஞ்சள் சுவராக இருக்கும்போது அது அந்த மஞ்சளையே குறையாக எண்ணி நீலத்தைச் சேர்த்துவிடும். வெயில் என்ற நிலையில் நிறுத்திவைத்தால், ஒரு தெருவின் படங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் வரும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்தக் கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டூமாஸ் வீதியில் 1855இல் கட்டப்பட்ட தூய தேவதைகளின் அன்னை ஆலயம், நாம் கப்ஸ் கோயில் என்று அழைப்பது, கடலை நோக்கிக் கிழக்கே பார்த்து நிற்கிறது. காலையில் முகப்பு முழுவதும் வெயில் விழும். மாலையில் எவ்வளவு முயன்றாலும் தட்டையாகத்தான் வரும். காந்தி சிலையோ கடலுக்கு முதுகு காட்டி ஊரைப் பார்த்து நிற்பதால், காலையில் முகம் இருட்டாகவும் மாலையில் தெளிவாகவும் இருக்கும். காலையில் சென்றால், சிலையைச் சுற்றியுள்ள, செஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கற்றூண்களை வானத்தின் எதிரே கருநிழலாக எடுப்பதுதான் சிறப்பு.

தெற்கு, வடக்கு பார்த்த வீடுகளுக்குப் பருவமும் சேர்ந்துகொள்கிறது. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பின்னிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூனில் கிழக்குக்கு 24 பாகை வடக்கே உதிக்கிறது. ஆகவே வடக்குப் பார்த்த முகப்புகளில் சாய்வெயில் விழுந்து சுண்ணாம்புப் பூச்சின் மேடுபள்ளம் தெரிய வேண்டுமென்றால், மே, ஜூன், ஜூலை மாதங்களின் காலையும் மாலையும்தான் காலம். டிசம்பரில் அதே முகப்பு நாள் முழுவதும் நிழலில் கிடக்கும். அப்போது தெற்குப் பார்த்த வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 5.45 மணிக்கும், ஜனவரி இறுதியில் 6.35 மணிக்கும் உதயம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பதால், 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தைக் குறுக்கீடு இல்லாமல் எடுக்க உதயத்தை ஒட்டிய நேரமே ஏற்றது.

கெடிலக்கரை:

மிக்க நன்றி. வடிநீர் முறையில் உப்பு போய்விட்டது; லென்ஸ் மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டேன். மஞ்சள் சுவரும் இப்போது அதன் நிறத்தில் வருகிறது. கப்ஸ் கோயிலின் எதிரேயுள்ள பூங்காவில் பின்னால் நகர இடம் இருப்பதால், கேமராவைச் சாய்க்காமலேயே முகப்பு முழுவதையும் எடுக்க முடிந்தது.

இறுதியாக ஒரு சந்தேகம். பழைய மாளிகை ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் மதுக்கூடத்தை எடுக்க உரிமையாளர் இசைவு தந்திருக்கிறார். மரச் சட்டங்களின் மேல் செங்கல்லை அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையும், நீண்ட மரக் கவுண்டரும் அப்படியே இருக்கின்றன. ஆனால் முன்னோட்டமாக எடுத்த படங்களில் கறுப்பும் வெளுப்புமாகக் குறுக்குக் கோடுகள் விழுகின்றன.

பெரிய வாய்க்கால்:

அது எல்இடி விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. சத்தமில்லாத மின்னணு ஷட்டரை நிறுத்தி இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். முக்காலி வைக்க உரிமையாளர் இசைந்தால், விளக்குகளை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்திலேயே நீண்ட நேர ஒளிப்பதிவாக எடுப்பது இன்னும் நல்லது. கூரைச் சட்டங்களின் உண்மையான நிறமும் அப்போதுதான் கிடைக்கும். சன்னலுக்கு ஒன்றும் உள்ளறைக்கு ஒன்றுமாக வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்துப் பிறகு இணைக்கலாம்.

முக்காலியைப் பற்றி இன்னொன்று. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள அரிக்கமேடு போன்ற இடங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். துணைநிலை ஆளுநர் மாளிகை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம் ஆகியவற்றின் வாயிலில் காவலரைக் கேட்காமல் கேமராவையே தூக்க வேண்டாம்.

மதுக்கூடத்துக்குக் கடை திறந்தவுடன், ஆட்கள் வருவதற்கு முன் செல்லுங்கள். உரிமையாளரின் இசைவு கட்டடத்துக்குத்தான். அங்கே அமர்ந்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது. கவுண்டருக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி பதித்திருந்தால், அதில் யாருடைய முகமாவது விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு படத்தையும் அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.